இண்டியானாபோலிஸ் 1952: வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவின் 500 மைல் கார் பந்தயமான இண்டியானாபோலிஸ் 500-ல், 1952-ம் ஆண்டு டீசல் கார் ஒன்று தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்ததாமே? பிறகு ஏன் பாதியில் நின்றது?

பதில்: உண்மைதான். ஃப்ரெட் அகபாஷியன் ஓட்டிய கம்மின்ஸ் டீசல், எண் 28. தகுதிக்கான நான்கு சுற்றுகளின் சராசரி வேகம் மணிக்கு 138.010 மைல். பந்தய விதிமுறையும் டீசலுக்குக் கைகொடுத்தது: சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாத வழக்கமான எஞ்சினுக்குக் கொள்ளளவு உச்சவரம்பு 4.5 லிட்டர், டீசலுக்கோ 6.6 லிட்டர். ஆறு சிலிண்டர் லாரி எஞ்சினை ஏறக்குறைய படுக்கவைத்துப் பொருத்தினார்கள். அதனால் கார் தாழ்ந்தது. டிரைவ் ஷாஃப்ட் (எஞ்சின் விசையைச் சக்கரங்களுக்குக் கடத்தும் தண்டு) ஓட்டுநருக்கு இடப்பக்கமாகப் போக, அவரும் தாழ உட்கார முடிந்தது. இண்டியில் டர்போசார்ஜருடன் (எஞ்சினின் புகை வேகத்திலேயே சுழன்று காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) ஓடிய முதல் கார் இதுதான்.

அந்த டர்போவின் காற்றுவாயே காலை வாரியது. அதை முகப்பில், தரைக்கு மிக அருகில் வைத்திருந்தார்கள். டயர்கள் தேய்ந்து பாதையில் உதிர்ந்த ரப்பர்த் துகள்களை இழுத்து இழுத்து அடைத்துக்கொண்டது. காற்று குறைந்ததும் டீசல் முழுதாக எரியாது. கரும்புகை கிளம்பும், இழுவை விழும், சூடு ஏறும். ஏர் ஃபில்டர் அடைத்த லாரி மேடேறும்போது புகை கக்குமே, அதே கோளாறு. 71 சுற்றுகளோடு ஒதுங்கியது. நல்ல எஞ்சின், காற்றுவாயைச் சற்று உயர்த்தியிருந்தாலே இன்னும் வெகுதூரம் ஓடியிருக்கும்.

கேள்வி: அன்று ஜெயிக்க வேண்டியவர் பில் வுகோவிச் என்கிறார்களே?

பதில்: 200 சுற்றுகளில் 150 சுற்றுகள் முன்னணியில் இருந்தவர் வேறு யார்! 9 சுற்றுகளே மிச்சம் இருக்கையில் ஸ்டியரிங் இணைப்பிலிருந்த ஒரு சிறிய பின் முறிந்தது. வடகிழக்கு வளைவில் காரைச் சுவரோடு உரசவிட்டு நிறுத்தினார், காயமில்லை. ஸ்டியரிங் பின் இப்படித் திடீரென்று முறிந்ததுபோல் தெரிந்தாலும், பெரும்பாலும் நுண்ணிய விரிசல் ஒன்று அதிர்விலும் சுமையிலும் மெல்ல வளர்ந்து வந்திருக்கும். அதனால்தான் பந்தய அணிகள் ஸ்டியரிங் பாகங்களைக் கழற்றி விரிசல் சோதனை செய்கின்றன. வுகோவிச் 1953, 1954 இரண்டு ஆண்டுகளும் வென்றார். 1955-ல் முன்னணியில் ஓடும்போதே விபத்தில் இறந்தார்.

கேள்வி: கடைசியில் வென்றவர் யார்?

பதில்: டிராய் ரட்மன். வயது 22, இண்டியை வென்றவர்களில் மிக இளையவர் இன்றும் அவரே. ஓட்டுநர்களின் உலக சாம்பியன்ஷிப் (ஃபார்முலா 1) கணக்கிலும் அந்தப் பந்தயம் சேர்ந்திருந்தது. ஃபெராரியில் வந்த இத்தாலிய ஓட்டுநர் ஆல்பர்ட்டோ அஸ்காரியை 40 சுற்றுகளில் ஒரு சக்கரம் உடைந்து வெளியேற்றியது.