அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்கு நான்கு முறை அணியை அழைத்துச் சென்று, நான்கிலும் தோற்ற மார்வ் லெவியைச் சிறந்த பயிற்சியாளர் என்று கொள்ளலாமா?

கொள்ளலாம் என்பதே என் உறுதியான கருத்து. பஃபலோ பில்ஸ் அணி 1984, 1985 ஆகிய இரு பருவங்களிலும் 16 ஆட்டங்களில் இரண்டிரண்டு மட்டுமே வென்றிருந்தது. 1986-இல் பருவத்தின் நடுவில் அந்த அணியை ஏற்ற லெவி, 1990 முதல் 1993 வரையிலான நான்கு பருவங்களிலும் தொடர்ந்து அதைச் சூப்பர் பவுலுக்கு அழைத்துச் சென்றார். வேறெந்த அணியும் இன்றுவரை அதைச் செய்ததில்லை.

முதல் தோல்வியைச் சற்று நெருங்கிப் பாருங்கள். 1991 ஜனவரி 27 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் 20-19 என முன்னிலையில் இருக்க, எட்டு விநாடிகள் மீதமிருந்தபோது ஸ்காட் நார்வுட் 47 யார்டு தூரத்திலிருந்து உதைத்த பந்து வலப்புறம் விலகிச் சென்றது. அது கம்பங்களுக்கு நடுவே போயிருந்தால் லெவி கோப்பை வென்றவர். ஆனால் அவர் வகுத்த ஆட்டத்திட்டத்தில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. மற்ற மூன்று இறுதி ஆட்டங்களிலும் பில்ஸ் தெளிவாகவே தோற்றது என்பதையும் மறைக்கக் கூடாது.

1993 ஜனவரியில் ஹூஸ்டன் ஆயிலர்ஸிடம் 35-3 எனப் பின்தங்கிய நிலையில், காயமுற்ற ஜிம் கெல்லிக்குப் பதிலாக மாற்று வீரர் ஃப்ராங்க் ரைக்கை வைத்துக்கொண்டு கூடுதல் நேரத்தில் 41-38 என வென்றதை, வெற்றி-தோல்விப் பட்டியல் வெறும் ஒரு வெற்றியாகத்தான் காட்டும்.

பட்டியல் முற்றிலும் பயனற்றதன்று. லெவி முன்பு பயிற்றுவித்த கான்சஸ் சிட்டி அணியில் 31 வெற்றி, 42 தோல்வி; பஃபலோவில் 112 வெற்றி, 70 தோல்வி என்ற வேறுபாடு, கெல்லி, புரூஸ் ஸ்மித், தர்மன் தாமஸ் போன்ற வீரர்களின் பங்கையும் சேர்த்தே சொல்கிறது. அந்தப் பங்கைக் கழித்துப் பார்த்தாலும், தோல்விக்குப் பின் தோல்வியாக வந்தபோது அணியைச் சிதறவிடாமல் காத்தது லெவியின் கைத்திறன். 2001-இல் அவர் அமெரிக்கக் கால்பந்தின் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டார்.