வால்வு அறுவைச் சிகிச்சைக்குப் பின்: வீடு திரும்பியவர்களின் கேள்விகளும் பதில்களும்

இதய அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செவிலியராகப் பணியாற்றியிருக்கிறேன். ஏழு ஆண்டுகளுக்கு முன் எனக்கே, இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு பொருத்த வேண்டி வந்தது. எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்பிய அறிவுரைகளை நானே கடைப்பிடிக்க நேர்ந்தபோதுதான், அவற்றுள் எதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், எதைச் சொல்லாமலே விட்டுவிட்டோம் என்பது விளங்கியது. கீழுள்ள பதில்கள் நெஞ்செலும்பைத் திறந்து செய்யும் அறுவைச் சிகிச்சையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தொடை இரத்தக்குழாய் வழியாக வால்வு பொருத்திக்கொண்டவர்கள் இதைவிட விரைவாகத் தேறிவிடுவார்கள். உங்கள் மருத்துவர் உங்களுக்கென்று சொன்னது இதிலிருந்து மாறுபட்டால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: வால்வு மாற்றி மூன்று வாரங்கள் ஆகின்றன. முந்தாநாள் தெருமுனை வரை நடந்து வந்தேன். நேற்று கட்டிலை விட்டு எழவே முடியவில்லை. உள்ளே ஏதேனும் கெட்டுப்போயிருக்குமா, அம்மா?

பதில்: பெரும்பாலும் அப்படி இருக்காது. சில மணி நேரம் உங்கள் இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரம் செய்திருக்கிறது. இரத்தம் இழந்திருக்கிறீர்கள், அதனால் இரத்தசோகை இருக்கக்கூடும். ஓர் எலும்பு கூடிக்கொண்டிருக்கிறது. பல ஆண்டுகள் பழுதான வால்வோடு போராடிப் பழகிய இதயத் தசை, புதிய வால்வுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. இத்தனையும் ஒரே நேரத்தில் நடக்கும்போது ஒரு நாள் தெம்பாகவும் மறுநாள் துவண்டும் இருப்பது இயல்பு. நேற்றையும் இன்றையும் ஒப்பிடாதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமையையும் இந்த ஞாயிற்றுக்கிழமையையும் ஒப்பிடுங்கள்.

இதற்காகவே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுமாறு எல்லாரையும் வற்புறுத்துகிறேன். காலையில் சிறுநீர் கழித்த பின், எதுவும் உண்பதற்கு முன், எடை. பிறகு உடல் வெப்பம், நாடித்துடிப்பு. மாலையில், அன்று எத்தனை நிமிடம் நடந்தீர்கள் என்பது. என்னுடைய ஏட்டில் 12ஆம் நாள் "6 நிமிடம்" என்றும், 13ஆம் நாள் "9 நிமிடம்" என்றும், 14ஆம் நாள் "நடக்கவில்லை, அழுதேன்" என்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தால் தோல்விபோலத் தெரியும். 30ஆம் நாளின் எதிரே "25 நிமிடம்" என்று எழுதியிருக்கிறேன். எடையைக் குறிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு: ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால் அது சதை அல்ல, உடலில் கோத்துக்கொள்ளும் நீர். கால் வீங்குவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் முன்பே எடைக்கருவி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அன்றே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி: ஐந்தாவது வாரம். இருமும்போது நெஞ்சின் நடுவில் ஏதோ "டக்" என்று நகர்வதுபோல் இருக்கிறது. இது இயல்புதானா?

பதில்: இதை இயல்பென்று விட்டுவிடாதீர்கள், இந்த வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். அறுத்த நெஞ்செலும்பை உலோகக் கம்பிகளால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அது ஓரளவு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்களும், உறுதிப்படுவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்களும் ஆகும். தோள், முதுகு, விலா ஆகியவற்றில் வலியும் பிடிப்பும் எல்லாருக்கும் இருக்கும். ஆனால் எலும்பின் இரு பாதிகளும் ஒன்றோடொன்று உரசுவதுபோலவோ நகர்வதுபோலவோ உணர்ந்தால், கட்டு தளர்ந்திருக்கலாம். அதனுடன் தழும்பு சிவந்திருந்தாலோ, நீரோ சீழோ கசிந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ மறுநாள் வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

இருமலும் தும்மலும் வரும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது கைகளை ஊன்றி உந்தாமல், ஒருக்களித்துப் புரண்டு, கால்களைக் கீழே தொங்கவிட்டு, அந்த எடையின் இழுப்பிலேயே எழுந்து உட்காருங்கள். முதல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு நான்கைந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம். பேரக்குழந்தையும் இந்தக் கணக்கில்தான் வரும். நீங்கள் உட்கார்ந்திருக்க, வேறொருவர் குழந்தையை எடுத்து மடியில் வைக்கட்டும். வண்டி ஓட்டுவதும் மருத்துவர் எலும்பைப் பார்த்து அனுமதித்த பிறகுதான். பெரும்பாலோருக்கு அது ஆறு வாரங்களுக்குப் பிறகே அமைகிறது.

கேள்வி: உலோக வால்வின் "டிக் டிக்" ஓசை இரவில் தூங்க விடுவதில்லை. இது எப்போது நிற்கும்?

பதில்: நிற்காது, நிற்கவும் கூடாது. வால்வின் இரு சிறு கதவுகளும் ஒவ்வொரு துடிப்பிலும் மூடிக்கொள்ளும் ஓசை அது. முதல் மாதம் முழுவதும் இருட்டில் அதை எண்ணிக்கொண்டே விழித்துக் கிடந்தேன். இடப்பக்கம் ஒருக்களித்தால் தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல் உரக்கக் கேட்கும். மின்விசிறியின் இரைச்சலோ மெல்லிய இசையோ அறையில் இருந்தால் அது அமுங்கிவிடும். மூன்று, நான்கு மாதங்களில் மனம் அதைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது. இப்போது சில வேளைகளில் நானே தேடிக் கேட்கிறேன். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்த ஓசை திடீரென மங்கினாலோ கேட்காமல் போனாலோ, வால்வில் இரத்தம் உறைந்து கதவு சரியாக அசையாமல் இருக்கலாம். அது அவசர நிலை.

கேள்வி: இரத்தம் உறையாமல் இருக்க எனக்குக் கொடுக்கும் வார்ஃபரின் எலி மருந்து என்கிறார்கள். பயமாக இருக்கிறது. கீரையே சாப்பிடக் கூடாது என்றும் ஒருவர் சொன்னார். சில நாள் மாத்திரையை மறந்தும் விடுகிறேன்.

பதில்: எலி மருந்தாக விற்கப்பட்டது உண்மைதான். கெட்டுப்போன ஒருவகைத் தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து இறந்ததை ஆராயப் போய்க் கண்டறிந்த பொருளிலிருந்து உருவானது வார்ஃபரின். 1948இல் எலிகளைக் கொல்ல வந்தது. 1954இல் மனிதருக்கான மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அளவுதான் எல்லாம். அந்த அளவு சரியா என்பதைக் காட்டும் எண்தான் ஐ.என்.ஆர்.; இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதை இரத்தப் பரிசோதனையில் காட்டுவது அது. உலோக வால்வு அயோர்ட்டிக் இடத்தில், அதாவது இதயத்திலிருந்து பெருந்தமனி தொடங்கும் வாயிலில், இருந்தால் பொதுவாக 2 முதல் 3 வரையும், மைட்ரல் இடத்தில் இருந்தால் 2.5 முதல் 3.5 வரையும் வைத்திருக்கச் சொல்வார்கள். உங்கள் எண் எது என்பதை மருத்துவரிடம் கேட்டு, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். எண் குறைந்தால் வால்வில் இரத்தம் உறையும். கூடினால் இரத்தம் கசியும். தொடக்கத்தில் அடிக்கடி பரிசோதனை இருக்கும், நிலைப்பட்ட பின் இடைவெளி கூடும்.

கீரையை விட வேண்டியதில்லை. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கிறது என்பதால், ஒரு வாரம் தினமும் தின்றுவிட்டு மறுவாரம் தொடாமல் இருப்பதுதான் எண்ணைக் குலைக்கும். ஏறத்தாழ ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். அதற்கேற்ப மாத்திரையின் அளவை மருத்துவர் அமைத்துக்கொள்வார்.

மறந்த மாத்திரை அன்றைக்குள்ளேயே நினைவுக்கு வந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால், ஈடுகட்ட இரண்டாகப் போடாதீர்கள். விட்டுப்போனதைக் குறித்து வைத்து மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளை, குறிப்பாக ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவற்றை, நீங்களாகவே போடக் கூடாது. ஆன்டிபயாட்டிக் தொடங்கினால் சில நாட்களுக்குள் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்; பல ஆன்டிபயாட்டிக்குகள் அந்த எண்ணை ஏற்றிவிடும். பரிசோதனை தேவைப்படாத புதிய மருந்துகளுக்கு மாறலாமே என்று யாராவது சொன்னால், உலோக வால்வுக்கு அவை பொருந்தா என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். டாபிகாட்ரான் என்ற மருந்தை உலோக வால்வு உள்ளவர்களிடம் சோதித்த ஆய்வு, உறைவும் கசிவும் இரண்டுமே கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அதன் முடிவுகள் 2013இல் வெளியாயின.

கேள்வி: எனக்குத் திசு வால்வு. மூன்று மாதத்தில் வார்ஃபரினை நிறுத்திவிடலாம் என்றார்கள். ஏன் இந்த வேறுபாடு?

பதில்: விலங்கின் திசுவால் செய்த திசு வால்வைத் தைத்த இடத்தை உடலின் சொந்த அணுக்கள் மூடிப் படரும் வரைதான் உறையும் ஆபத்து மிகுதி, அதனால் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு மட்டும் தருகிறார்கள், சிலருக்கு ஆஸ்பிரின் மட்டுமே போதுமென்று முடிவு செய்வதும் உண்டு. நாடித்துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்குத் தொடர வேண்டியிருக்கலாம். எனவே நிறுத்தும் நாளை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். திசு வால்வு பெரும்பாலும் பத்து முதல் இருபது ஆண்டுகள் உழைக்கும். இளம் வயதினருக்கு விரைவில் தேயும். ஆகையால் ஒலியலைகளால் இதயத்தைப் பார்க்கும் எக்கோ பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு மாதம். எப்போதும் நிதானமாக இருந்தவர், சின்னச் சின்ன விஷயத்துக்குக் கோபப்படுகிறார், தனியே அழுகிறார், செய்தித்தாளில் ஒரு பத்தியைக்கூடப் படித்து முடிக்க முடியவில்லை என்கிறார். நாங்கள் என்ன தவறு செய்கிறோம், அக்கா?

பதில்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. நான் முன்பே சொன்ன, சொல்லாமல் விட்டுவிட்ட விஷயம் இதுதான். காயத்தைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தோம். மனத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் மனச்சோர்வு, எரிச்சல், கெட்ட கனவுகள், மறதி, கவனம் நிலைக்காமை ஆகியவை மிகப் பலருக்கு வருகின்றன; பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் தெளிகின்றன. இரவில் தூக்கம் கெடுவது இதை மேலும் மோசமாக்குகிறது. பகல் தூக்கத்தை அரை மணி நேரத்தோடு நிறுத்துவதும், காலையில் வெளிச்சத்தில் நடப்பதும், இரவுத் தூக்கத்துக்கு முன் வலி மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்பதும் உதவும்.

"உயிர் பிழைத்துவிட்டீர்களே, இனி என்ன கவலை" என்று மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். என்னிடம் அப்படிச் சொன்னவர்கள் என்மேல் அன்புள்ளவர்கள்தான். ஆனால் அதைக் கேட்ட பிறகு என் பயத்தை யாரிடமும் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பேசினால் கேளுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்றி இருந்தாலோ, உணவையும் மாத்திரையையும் மறுத்தாலோ, வாழவே விருப்பமில்லை என்று ஒருமுறை சொன்னாலும் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

கேள்வி: இரண்டாவது வாரத்தில் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது, நாடி தாறுமாறாக ஓடியது. வால்வு பழுதாகிவிட்டதா?

பதில்: அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறைத் துடிப்புக் கோளாறாக இருக்கக்கூடும். வால்வு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வருகிறது. பெரும்பாலும் மருத்துவமனையில் இருக்கும் முதல் சில நாட்களிலேயே தலைகாட்டும், சிலருக்கு வீடு வந்த பின்னும் வரும். மருந்தால் அடங்கி, பெரும்பாலோருக்கு இரண்டு மாதங்களுக்குள் சரியாகிவிடுகிறது. ஆனாலும் அன்றே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். தலைசுற்றலோ மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கேள்வி: எவ்வளவு நடக்கலாம்? வேலைக்கு எப்போது போகலாம்?

பதில்: முதல் வாரம் ஐந்து நிமிடமாக நாளுக்கு மூன்று நான்கு முறை; பிறகு சிறிது சிறிதாகக் கூட்டி ஆறாவது வாரத்தில் அரை மணி நேரம் என்பது பலருக்கு இயலும். நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. மருத்துவமனையில் இதய மறுவாழ்வுப் பயிற்சி இருந்தால் கட்டாயம் சேருங்கள். மேசை வேலைக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள், சுமை தூக்கும் வேலைக்கு மூன்று மாதங்கள் என்பது பொதுக் கணக்கு.

கேள்வி: நான்கு மாதம் ஆகிறது. பல் பிடுங்க வேண்டும். அதோடு, மூன்று நாட்களாக இலேசான காய்ச்சல். வீட்டில் இருந்த ஆன்டிபயாட்டிக்கைப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: போட்டுக்கொள்ளாதீர்கள். நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றைத்தான். செயற்கை வால்வில் கிருமிகள் தங்கிவிட்டால் வரும் எண்டோகார்டைட்டிஸ் உயிருக்கு ஆபத்தானது. அதை உறுதிசெய்ய இரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் அரைகுறையாக விழுங்கிய ஆன்டிபயாட்டிக், கிருமியை ஒழிக்காமல் பரிசோதனையிலிருந்து மட்டும் மறைத்துவிடும். காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால் "எனக்குச் செயற்கை வால்வு இருக்கிறது, முதலில் இரத்தம் எடுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சு குத்தினால் இதய உறையின் அழற்சியாகவும் இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு.

பல் பிடுங்குவதற்குமுன் காய்ச்சலின் காரணம் தெரியட்டும். பிறகு, எந்த வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது என்று குறித்துத் தந்த வால்வு அட்டையைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஈறைத் தொடும் சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக ஒருமுறை ஆன்டிபயாட்டிக் தருவார்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக அமாக்ஸிசிலின் 2 கிராம், ஒவ்வாமை இருந்தால் வேறொன்று. பல் பிடுங்குவதற்காக வார்ஃபரினை நீங்களாக நிறுத்தக் கூடாது. தினமும் இருமுறை பல் துலக்குவது இனி உங்கள் இதயத்துக்கான சிகிச்சையும் ஆகும்.

கேள்வி: எனக்கு 28 வயது, உலோக வால்வு. குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: முடிந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கருத்தரிக்கும் முன்பே திட்டமிட வேண்டும். கருவின் 6 முதல் 12ஆம் வாரம் வரை வார்ஃபரின் குழந்தையைப் பாதிக்கக்கூடும். பயந்து நீங்களாக நிறுத்தினால் வால்வில் இரத்தம் உறையும். எந்த மாதத்தில் மாத்திரை, எப்போது இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் ஊசி என்பதை இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போனால் அந்த வாரமே சொல்லுங்கள். அதுவரை கருத்தடைக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகளைத் தவிர்த்து வேறு முறையைக் கேளுங்கள்.

கேள்வி: கணவரை நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். எதற்கு உடனே ஓட வேண்டும், எதற்கு விடியும் வரை பொறுக்கலாம்?

பதில்: வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு கை அல்லது கால் திடீரென வலுவிழத்தல், ஒரு கண்ணில் பார்வை மங்குதல், படுத்தால் மூச்சு முட்டி உட்கார வேண்டியிருத்தல், மயக்கம், நிற்காத இரத்தக் கசிவு, தார்போலக் கறுத்த மலம்: இவற்றில் ஒன்று வந்தாலும் நடுநிசியானாலும் கிளம்புங்கள். ஐந்து நிமிடத்தில் வாய் நேராகிவிட்டது, பேச்சு தெளிந்துவிட்டது என்றாலும் கிளம்புங்கள். பசியின்மை, மலச்சிக்கல், தழும்பின் அரிப்பு, தோள் பிடிப்பு ஆகியவை விடியும் வரை பொறுக்கும். வார்ஃபரின் எடுப்பவர் தலையில் அடிபட்டுக்கொண்டால் மட்டும், காயமே தெரியாவிட்டாலும், "ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று அவரே சொன்னாலும், அவர் பேச்சைக் கேட்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.