நிலாவெளி வெங்காயத் தோட்டத்துக்குக் கடல்நீர்: முதலில் கிணற்றைப் பாருங்கள்

திருகோணமலை நிலாவெளியில் ஒரு ஏக்கர் சின்ன வெங்காயம், கிணறு உவர்த்துவிட்டது, காற்றாலை வைத்துக் கடல்நீரை நன்னீராக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம் தம்பி, ஆனால் கணக்கு இடிக்கும். கோடையில் ஒரு ஏக்கருக்கு நாளுக்கு ஏறக்குறைய 20 கனமீற்றர் தண்ணீர் வேண்டும். கடல்நீரை உப்பைத் தடுக்கும் சவ்வு வழியாக அழுத்தித் தள்ளி வடிக்கக் கனமீற்றருக்கு 3, 4 யூனிற் மின்சாரம்; சின்ன மெஷின் என்றால் இன்னும் கூடும். வெங்காயம் அந்தச் செலவைத் தாங்காது.

உங்கள் கிணற்று நீரையே வடியுங்கள். அதில் கடலை விட உப்புக் குறைவு, அழுத்தமும் கரண்டும் நன்றாகக் குறையும். தண்ணீர் முடையான மாதங்களில்தான் கச்சான் காற்றும் வீசுகிறது, அதுதான் உங்களுக்கு வாய்ப்பு. பற்றரிக்குக் காசைக் கொட்டாமல் பெரிய தொட்டி கட்டி, காற்றடிக்கும்போது வடித்துச் சேர்த்து வையுங்கள். அப்புறம், மிஞ்சும் உப்புநீரைத் தோட்டத்தில் விடவே வேண்டாம், கிணற்றுக்கே இறங்கும். கிணற்று நீரைச் சோதித்து உப்பளவை இங்கே போடுங்கள், சவ்வு எதுவென்று பார்ப்போம்.