தூக்கத் தரவை வெளிச் செயலிகளுக்குத் திறப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தூக்கக் கண்காணிப்புத் தரவை வெளியாருக்குத் திறந்துவிடுவது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எந்தக் கருவி, எந்தச் செயலி என்று எதையுமே குறிப்பிடாமல் ‘என் வாட்ச் தரவு போகவில்லை’ என்று மட்டும் எழுதியவர்களுக்குப் பதில் சொல்ல வழியில்லை.

கேள்வி: என் வாட்சில் இரண்டு ஆண்டுத் தூக்கத் தரவு சேர்ந்திருக்கிறது. புதிதாக நிறுவிய ஒரு செயலி அதைப் படிக்க அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் அனுமதித் திரையில் என்னென்ன கேட்கிறார்கள் என்பதை வரிவரியாகப் படித்த பிறகு கொடுங்கள். தூக்கத்தை அலசித் தருவதாகச் சொல்லும் செயலிக்குத் தூக்கப் பதிவும், மிஞ்சிப்போனால் இதயத் துடிப்பும் போதும். இருப்பிடம், தொடர்புப் பட்டியல், உடல் எடை என்று எல்லாவற்றையும் அது சேர்த்துக் கேட்டால், தூக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மற்றவற்றை மறுத்துவிடுங்கள். அதனால் செயலி இயங்க மறுக்குமானால் அதை நீக்கிவிடுவதே நல்லது.

இரண்டு ஆண்டுப் பழைய தரவும் அதற்குத் தேவையா என்றும் யோசியுங்கள். ஆண்ட்ராய்டில் செயலிகள் உடல்நலத் தரவைப் பகிர்ந்துகொள்ளும் இடமான ஹெல்த் கனெக்ட், அனுமதி கொடுத்த நாளுக்கு முந்தைய 30 நாள் பதிவுகளை மட்டுமே இயல்பாகத் திறக்கிறது; அதற்கும் பின்னால் போகச் செயலி தனி அனுமதி கேட்டாக வேண்டும். எப்படியானாலும், எதையும் இணைப்பதற்கு முன் உங்கள் தரவின் முழுப் பிரதி ஒன்றை இறக்கி உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு செயலி, வாட்ச் நிறுவனக் கணக்கின் கடவுச்சொல்லையே கேட்கிறது. தரலாமா?

கூடாது. கடவுச்சொல்லைத் தராமலேயே குறிப்பிட்ட தரவுக்கு மட்டும் அனுமதி தருவதற்கான ஓஆத் 2.0 முறை 2012-லேயே வந்துவிட்டது. ஏற்கெனவே தந்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

கேள்வி: நான் ஐபோன் செயலி எழுதுகிறேன். பயனர் தூக்கத் தரவைப் படிக்க அனுமதி மறுத்தாரா, அவரிடம் தரவே இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்க முடியாது, ஐபோனில் செயலிகள் உடல்நலத் தரவைப் பெறும் அமைப்பான ஹெல்த்கிட்டை ஆப்பிள் வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட தரவைக் காட்ட ஒருவர் மறுத்தார் என்பதே அவருடைய உடல்நிலை பற்றிய துப்பாகிவிடக்கூடும் என்பதால், அனுமதி மறுக்கப்பட்ட செயலிக்கு, பிற செயலிகளும் கருவிகளும் எழுதிய பதிவுகளே இல்லாததுபோல வெற்று விடைதான் கிடைக்கும். நீங்கள் அனுப்பிய திரைப்பிடிப்பில் (ஸ்கிரீன்ஷாட்) உங்கள் செயலி அந்த வெற்று விடையைச் சுழியமாக எடுத்துக்கொண்டு ‘நேற்று 0 மணி நேரம் உறங்கினீர்கள்’ என்று காட்டுகிறது. தூக்கமின்மையால் ஏற்கெனவே கவலையில் இருப்பவரிடம் இப்படிச் சொல்வது பொறுப்பற்ற செயல். ‘தரவு கிடைக்கவில்லை’ என்று காட்டுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐபோனும் வாட்சும் ஒரே இரவைத் தனித்தனியாக எழுதும். ‘படுக்கையில்’ என்ற பதிவும் ‘உறக்கம்’ என்ற பதிவும் ஒன்றன்மேல் ஒன்று விழும். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரே இரவில் 15 மணி நேரத் தூக்கம் வந்து நிற்கும். 2022-ல் வந்த ஐஓஎஸ் 16-க்கு முந்தைய பதிவுகளில் ஆழ்ந்த உறக்கம், ரெம் (கனவுகள் மிகுந்த உறக்கம்) போன்ற நிலைகள் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: நாங்கள் கைப்பட்டை தயாரிக்கும் சிறு நிறுவனம். வெளி டெவலப்பர்களுக்கு ஏபிஐ (வெளிச் செயலிகள் எங்கள் தரவைக் கேட்டுப் பெறும் வழி) திறக்க இருக்கிறோம். ஓர் இரவுக்கு 100-க்கு இவ்வளவு என்று தூக்க மதிப்பெண்ணைக் கொடுத்தால் போதும் என்று எங்கள் குழு கருதுகிறது. சரிதானா?

போதாது. இது எனக்கு நெடுநாள் மனக்குறை. ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

மதிப்பெண் என்பது அந்த இரவைப் பற்றி உங்கள் நிறுவனம் கொண்டிருக்கும் கருத்து. அது உருவான சூத்திரம் உங்கள் சர்வரில் இருக்கிறது; வெளியே இருக்கும் டெவலப்பர் அந்த எண்ணை வேறொரு நிறத்தில் மறுபடி காட்டலாம், அவ்வளவுதான். ஒருவருக்கு 72 வந்திருக்கிறது என்றால், அவர் நள்ளிரவில் இரண்டு மணி நேரம் விழித்துக் கிடந்தாரா, வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக எழுந்துவிட்டாரா என்பது அதில் இல்லை. இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள், வெவ்வேறு தீர்வுகளைக் கேட்பவை. தூக்க ஆய்வகங்கள் 1968-ல் வகுக்கப்பட்ட விதிகளின் காலத்திலிருந்தே இரவை 30 விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிலையைக் குறித்துவருகின்றன. எட்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் துண்டுகள் வரும். அந்த வரிசையையாவது கொடுங்கள். அதற்கு அடியில் இருக்கும் அசைவு அளவுகளையும் இதயத் துடிப்பு இடைவெளிகளையும் கொடுத்தால்தான் திறந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ள உங்களுக்குத் தகுதி வரும்.

ஏன் அடிமட்டம் வரை கேட்கிறேன் என்றால், மணிக்கட்டில் கட்டும் கருவி, தூக்க ஆய்வகத்தைப்போல மூளை அலையை அளப்பதில்லை. அசைவையும் துடிப்பையும் வைத்து உறக்க நிலையை ஊகிக்கிறது. அசையாமல் விழித்துக் கிடப்பவரை உறங்குகிறார் என்று குறித்துவிடுவது இந்தக் கருவிகளின் பழைய பலவீனம். ஊகத்தைச் சரிபார்க்கும் வாய்ப்பு மற்றவர்களுக்கு இருந்தாக வேண்டும். ஊகிக்கும் முறையும் காலப்போக்கில் மாறும். நான் அணிந்திருந்த ஒரு கருவியில், மென்பொருள் புதுப்பித்த மறுநாள் ஆழ்ந்த உறக்கம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பழைய இரவுகளும் புதிய கணக்குப்படி மாற்றி எழுதப்பட்டிருந்தன. எங்கும் ஓர் அறிவிப்பு இல்லை. விசாரித்தபோது ‘துல்லியம் மேம்படுத்தப்பட்டுள்ளது’ என்ற ஒரு வரிப் பதில்தான் வந்தது. உடலில் ஒன்றும் மாறாமலே தன் உறக்கம் கெட்டுவிட்டதாக எத்தனை பேர் அந்த வாரம் மருத்துவரைத் தேடிப் போயிருப்பார்களோ என்ற கோபம் எனக்கு இன்றும் தீரவில்லை. ஆகவே ஒவ்வொரு பதிவோடும் அல்காரிதத்தின், அதாவது அந்த ஊகிக்கும் முறையின், பதிப்பு எண்ணைச் சேர்த்துக் கொடுங்கள். பழைய பதிவுகளைத் திருத்தினால் முந்தைய வடிவையும் வைத்திருங்கள்.

நிறுவனம் நாளை இருக்குமா என்பது அடுத்தது. நெற்றிப் பட்டை மூலம் மூளை அலையை அளந்த ஸீயோ நிறுவனம் 2013 வாக்கில் மூடப்பட்டது. அதன் இணையதளமும் போனபோது, தங்கள் இரவுகளை சிஎஸ்வி கோப்பாக (எளிய அட்டவணைக் கோப்பு) முன்பே இறக்கி வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். கைப்பட்டை தயாரித்த ஜாபோன் நிறுவனம் 2017-ல் கலைக்கப்பட்டது. உங்கள் நிறுவனமும் சிறியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டெவலப்பர்களுக்கு ஏபிஐ திறக்கும் அதே நாளில், ஏபிஐ என்றால் என்னவென்றே அறியாத பயனரும் தன் முழுத் தரவையும் ஒரே பொத்தானில் இறக்கிக்கொள்ள வழி செய்யுங்கள்.

கேள்வி: இரவு 11 மணிக்குப் படுத்து காலை 6 மணிக்கு எழுந்தால் அந்தத் தூக்கத்தை எந்தத் தேதியில் சேர்ப்பது?

எழுந்த தேதியில். ஃபிட்பிட் ஏபிஐயும் அப்படித்தான் கணக்கிடுகிறது. ஆனால் அதன் தூக்கப் பதிவுகளில் நேரம் உள்ளூர் நேரமாகவே வரும், நேர மண்டலக் குறிப்பு இருக்காது. கண்டம் விட்டுக் கண்டம் பறந்தவரின் தூக்கம் உங்கள் வரைபடத்தில் பிற்பகலில் போய் விழலாம். ஹெல்த் கனெக்ட்டில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனி மண்டல வேறுபாட்டை எழுத இடம் இருக்கிறது. அதைக் காலியாக விடாதீர்கள்.

கேள்வி: என் நிரல் பிழை காட்டுகிறது. நிரலையும் என் டோக்கனையும் இணைத்துள்ளேன். என்ன தவறு?

டோக்கனை, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் செயலிக்குக் கிடைக்கும் அனுமதிச் சாவியை, இணைத்ததுதான் முதல் தவறு. அதை வைத்திருக்கும் எவரும் உங்கள் தூக்கத்தைப் படிக்கலாம். இப்போதே ரத்து செய்யுங்கள். பிழை எண்ணை நீங்கள் எழுதவில்லை. 401 என்றால் டோக்கன் காலாவதியாகியிருக்கலாம், புதுப்பியுங்கள். புதுப்பிக்கும்போது வரும் புதிய டோக்கனைச் சேமிக்க மறப்பவர்கள்தான் அதிகம். 429 என்றால் அளவுக்கு மீறி அழைக்கிறீர்கள். தூக்கப் பதிவு நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. காலையில் ஒருமுறை கேட்டால் போதும்.

கேள்வி: பெயரை நீக்கிவிட்டு என் ஐந்து ஆண்டுத் தூக்கத் தரவை யாரும் பயன்படுத்தும்படி பொதுவில் வெளியிட விரும்புகிறேன். ஆபத்து உண்டா?

உண்டு. 2014 ஆகஸ்ட் 24 அதிகாலை 3.20 மணியளவில் கலிபோர்னியாவின் நாபா பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஜாபோன் தன் கைப்பட்டை அணிந்தவர்களின் தரவைத் தொகுத்து வெளியிட்டபோது, மையத்திலிருந்து 25 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த நேரத்தில் விழித்துக்கொண்டது தெரிந்தது. அது பலருடைய கூட்டுத் தொகை. தனி ஆள் யாரும் அதில் தெரியவில்லை. நீங்கள் வெளியிடப் போவதோ ஒரே ஆளின் இரவுகள். அப்படிப்பட்ட கோப்பில் அந்தத் தேதியில் 3.20-க்கு விழித்த ஒரு வரி இருந்தாலே, அந்த ஆள் அன்று எந்தப் பகுதியில் இருந்தார் என்பதை ஊகித்துவிடலாம். குழந்தை பிறந்தது, வேலை மாறியது, இரவுப் பணி தொடங்கியது, வெளிநாடு போனது எல்லாமே படுக்கும் நேரத்தில் தெரியும். இவற்றில் நான்கைந்தை உங்களைப் பற்றி அறிந்தவருக்குப் பெயர் தேவைப்படாது.

ஆய்வுக்கு உதவுவதே நோக்கம் என்றால், பயன்பாட்டு ஒப்பந்தம் கேட்டு வாங்கும் ஆய்வுத் தொகுப்புகள் உள்ளன; அப்படியான ஏற்பாட்டுக்குத் தரும் வழியைத் தேடுங்கள். பொதுவில்தான் வைப்பேன் என்றால், தேதிகளை நீக்கி, நேரங்களைப் பெயர்த்து, கிழமையை மட்டும் விட்டுவையுங்கள். வெளியிட்ட பிறகு திரும்பப் பெற முடியாது.

கேள்வி: மனைவியின் தூக்கத் தரவையும் என் செயலியில் இணைக்க, அவருடைய கைபேசியில் நானே அனுமதி கொடுத்துவிடலாமா?

கூடாது. அவரிடம் கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். மெத்தைக்கு அடியில் வைக்கும் உணரியைப் பயன்படுத்துபவர்களும், பக்கத்தில் உறங்குபவரின் அசைவும் மூச்சும் அதில் கலந்துவிடக்கூடும் என்பதை நினைத்துப் பார்த்து அவரிடமும் சம்மதம் பெற வேண்டும்.

கேள்வி: செயலியின் அறிக்கையை மருத்துவர் ஏற்பாரா?

படுத்த நேரம், எழுந்த நேரம், சில வாரப் போக்கு ஆகியவை அவருக்குப் பயன்படும். உறக்க நிலைகளின் நிமிடக் கணக்கை வைத்து நோயை நிர்ணயிக்கச் சொல்லாதீர்கள்.

கேள்வி: செயலியை நீக்கிவிட்டேன். அதனிடம் சென்ற என் தரவும் போய்விட்டதா?

இல்லை. கைபேசியிலிருந்து செயலி போனாலும் அதன் சர்வரில் தரவு இருக்கும். கணக்கில் கொடுத்த அனுமதியும் பல நேரங்களில் உயிரோடு இருந்து புதிய இரவுகளையும் அனுப்பிக்கொண்டே இருக்கும். வாட்ச் நிறுவனக் கணக்கில் ‘இணைக்கப்பட்ட செயலிகள்’ பட்டியலைத் திறந்து அனுமதியை ரத்து செய்யுங்கள். பிறகு செயலி நிறுவனத்துக்கு எழுதி, உங்கள் தரவை அழிக்கும்படி கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் அமலில் உள்ள ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிக்கக் கேட்கும் உரிமையையும், தரவைக் கணினி படிக்கும் வடிவில் பெறும் உரிமையையும் தருகிறது; பல நிறுவனங்கள் மற்ற நாட்டவருக்கும் அதே படிவத்தைத் திறந்து வைத்துள்ளன. அழிக்கச் சொல்லும் முன் பிரதியை இறக்கிவிடுங்கள். அழித்த பிறகு மீட்டுத் தரும்படி எனக்கு எழுதுபவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னால் எந்த உதவியும் செய்ய முடியவில்லை.