பதினொன்றில் ஒன்று போதும்

கேள்வி: எங்கள் முற்போக்கு அமைப்புக்காக மூன்று நிமிட வீடியோ விளம்பரம் எடுத்தோம். முதலில் சின்னம், பிறகு தலைவர் உரை, எங்கள்மீது பரப்பப்படும் பொய்களுக்கு வரிசையாக மறுப்பு, கடைசியில் பதினொரு கோரிக்கைகள். தோழர்கள் பாராட்டினார்கள். வெளியாட்களோ சில நொடிகளில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். மக்களைக் கவரக் கொள்கையை நீர்த்துப்போக விடத்தான் வேண்டுமா?

பதில்: கூடவே கூடாது. கொள்கையைத் தொடாதீர்கள், பட்டியலில் கைவையுங்கள். பதினொன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மீதிப் பத்தையும் துண்டறிக்கைக்கு அனுப்புங்கள். இப்போது இருப்பது தோழர்கள் மனம் குளிர எடுத்த படம். இன்னும் முடிவெடுக்காத ஒருவர் உங்கள் தலைவரின் உரைக்காக ஏன் காத்திருக்க வேண்டும்?

1973இல் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி பினோசே இன்னும் எட்டு ஆண்டு நீடிக்கலாமா என்று 1988இல் தென் அமெரிக்க நாடான சிலியில் பொது வாக்கெடுப்பு நடந்தது. ‘வேண்டாம்’ அணிக்குத் தொலைக்காட்சியில் கிடைத்தது 27 நாள், தினமும் 15 நிமிடம். வானவில்லைச் சின்னமாக வைத்து, வரப்போகும் மகிழ்ச்சியைப் பேசினார்கள். பினோசே ஆட்சியில் இத்தனை பேர் கொல்லப்பட்ட நாட்டில் சிரிப்பா என்று சொந்த அணிக்குள்ளேயே கோபம் எழுந்தது. நியாயமான கோபம்தான். ஆனால் அந்தப் 15 நிமிடத்துக்குள் சித்திரவதையும் பேசப்பட்டது. எப்படி என்று பாருங்கள்.

வயதான ஓர் அம்மா நிதானமாகப் பேசுகிறார். வீட்டிலிருந்து கடத்திப்போய், கண்ணைக் கட்டிச் சித்திரவதை செய்தார்கள் என்கிறார். உடம்பு வலியை மறக்க முடிந்தது, மனசில் பட்டதை மறக்க முடியவில்லை என்கிறார். அவர் யாரென்று நமக்குத் தெரியாது. பேசி முடித்ததும் திரையில் வருகிறார் நாடறிந்த கால்பந்து வீரர் கார்லோஸ் காஸ்ஸெலி. இவர் என் அம்மா என்கிறார். எந்தக் கொள்கை அங்கே நீர்த்துப்போயிற்று?

சுமார் 56 விழுக்காட்டினர் ‘வேண்டாம்’ என்றார்கள். விளம்பரம் மட்டுமே அதைச் சாதிக்கவில்லை. வாக்காளர்களைப் பதிவு செய்ய அலைந்தவர்களின் உழைப்பும் அதற்குப் பின்னால் இருந்தது.

உங்கள் படத்துக்கு வருவோம். சின்னம் கடைசிக்குப் போகட்டும். அந்த ஒரு கோரிக்கையால் வாழ்க்கை மாறக்கூடிய ஒருவரின் முகம் முதல் நொடியிலேயே வரட்டும். செல்போனில் பலர் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்கள். அவர் பேசுவதைப் பெரிய எழுத்தில் கீழே போடுங்கள். முப்பது நொடி தாராளம். மறுப்புப் பகுதியை மொத்தமாக வெட்டுங்கள். எதிராளியின் பொய்யைத் திரையில் எழுதி, அதன்மேல் சிவப்புக் கோடு போட்டாலும், பார்ப்பவர் மனசில் அந்தப் பொய்யே தங்கிவிடக்கூடும். அதற்கு உங்கள் காசு எதற்கு?

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பேச வந்தவரிடம் கையெழுத்து வாங்கியதோடு விட்டுவிடாதீர்கள். வெட்டி முடித்த படத்தை வெளியிடும் முன் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். வசைகள் முதலில் அவரைத்தான் தேடி வரும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவர் வேண்டாம் என்றால், எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் வெளியிடாதீர்கள்.

அவர் சம்மதித்தால், அமைப்போடு தொடர்பே இல்லாத ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். நீங்கள் குறுக்கே விளக்கம் சொல்லாமல் அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதன்படி திரும்ப வெட்டுங்கள்.