வாசகர் கேள்வி–பதில்: லியோனிடாவுக்கு வழி எது?

கேள்வி: கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6 வீடியோ விளையாட்டின் கதை லியோனிடா மாநிலத்தில் நடக்கிறதாமே! அமெரிக்க வரைபடத்தில் எவ்வளவு தேடியும் அது அகப்படவில்லையே?

பதில்: அகப்படாது. 2026 நவம்பர் 19 அன்று வெளிவரும் என்று ராக்ஸ்டார் நிறுவனம் அறிவித்திருக்கும் அந்த விளையாட்டுக்காகக் கற்பனையில் எழுப்பப்பட்ட மாநிலம் அது. ஆனால் ஃபுளோரிடாவின் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டால், பெயர்களைத் தவிர அநேகமாக எல்லாமே கிடைத்துவிடும். மயாமிதான் வைஸ் சிட்டி. தெற்கே கடலில் மணிகளைக் கோத்தாற்போல நீளும் கீஸ் தீவுகள் லியோனிடா கீஸ். எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம் கிராஸ்ரிவர்ஸ், அதாவது புல் ஆறுகள். இந்தக் கடைசிப் பெயரைச் சூட்டியவர் அந்த மண்ணை நன்கு அறிந்தவராக இருக்க வேண்டும். பார்வைக்குத் தேங்கிய நீராகத் தெரிந்தாலும், எவர்கிளேட்ஸ் உண்மையில் கோரைகளுக்கு இடையே, பல மைல் அகலத்தில், கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் ஓர் ஆறு. புல்லாறு என்றே அதை அழைப்பவர்கள் உண்டு. ஆம்ப்ரோசியா என்ற ஊரிலும் இதே குறும்பு தெரிகிறது. கிரேக்கத் தேவர்களின் அமுதத்துக்குரிய பெயரைச் சர்க்கரை ஆலை ஒன்றைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு வைத்திருக்கிறார்கள். ஒக்கிசோபி ஏரியின் தென்கரையில் உண்மையாகவே கரும்புக் காடுதான்.

கேள்வி: இவ்வளவு ஒற்றுமை இருக்கும்போது ஃபுளோரிடா என்றே சொல்லிவிட்டுப் போகலாமே?

பதில்: சொன்னால் கை கட்டப்பட்டுவிடும். மயாமியிலிருந்து கீஸ் தீவுகளின் முனையிலுள்ள கீ வெஸ்ட் ஏறத்தாழ 160 மைல். காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் அந்தப் பாதையை உள்ளபடியே அமைத்தால், எத்தனை பேர் பொறுமையாக ஓட்டுவார்கள்? ஆகவே தூரத்தைச் சுருக்கியாக வேண்டும். சில இடங்களில் இல்லாததைச் சேர்க்கவும் வேண்டும்: ஃபுளோரிடாவின் மிக உயரமான இடமான பிரிட்டன் ஹில் வெறும் 345 அடிதான், லியோனிடாவின் வட எல்லையிலோ மவுண்ட் கலகா என்று ஒரு மலையே நிற்கிறது. பெயரை மாற்றியதால் புவியியல் ஆசிரியர்கள் சண்டைக்கு வர இடமில்லை. கேலிக்கும் அந்தப் பெயர்தான் கவசம். 2023 டிசம்பரில் வெளிவந்த முதல் முன்னோட்டத்தில் முதலை ஒன்று கடைக்குள் சாவகாசமாக நுழைகிறது. ஃபுளோரிடாவின் செய்திகளைப் படித்து வருபவர்களுக்கு அதில் மிகை எதுவும் தெரியாது என்பதுதான் வேடிக்கை.

கேள்வி: இந்த வைஸ் சிட்டியும் 2002-இல் நாங்கள் விளையாடிய வைஸ் சிட்டியும் ஒன்றுதானா?

பதில்: பெயர் ஒன்று, ஊர் வேறு. இந்த விளையாட்டுத் தொடரில் 1997-இல் வந்த முதல் விளையாட்டிலேயே இடம்பெற்ற பெயர் அது. 2002-இல் நீங்கள் கண்டது 1986-ஆம் ஆண்டின் நகரம். இப்போது வரவிருப்பது இக்காலத்து நகரம், அதைச் சுற்றி ஒரு முழு மாநிலமும் இருக்கிறது. பழையதில் நாயகனுக்கு நீச்சல் தெரியாது, கடலில் விழுந்தால் கதை முடிந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்டவர் தீவும் சதுப்பும் நிறைந்த லியோனிடாவில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார்.