பெங்களூரில் எனக்கென்று ஒரு காபிக் கடை

கேள்வி: எனக்கு 68 வயது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு ஸ்ரீரங்கத்தில். போன வருடம் மனைவி தவறிய பிறகு, பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இருக்கும் மகள் என்னைத் தன்னோடு அழைத்து வந்துவிட்டாள். ஊரில் காலை நடை முடிந்ததும் ஒரு சின்ன காபிக் கடையில் உட்கார்ந்து, பேப்பர் பார்த்து, நாலு பேரோடு பேசிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். இங்கே குடியிருப்பை விட்டு வெளியே வந்தால் ஒரு பக்கம் 250 ரூபாய்க்குக் காபி, மறுபக்கம் நின்றுகொண்டே குடிக்கிற ஓட்டல். எனக்கோ முட்டி வலி. மகளிடம் சொன்னால், “வீட்டிலேயே நல்ல ஃபில்டர் காபி போட்டுத் தருகிறேனேப்பா” என்று முகம் வாடுகிறாள். இந்த வயதில் கடை தேடி அலைவது அவசியமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

பதில்:

அன்புள்ள ஐயா,

அவசியம்தான். துணையையும் இழந்து, ஊரையும் விட்டு வந்திருக்கிறீர்கள். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போக ஓர் இடம் வேண்டும் என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மகள் விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். தன் கைக்காபி பிடிக்காமல்தான் அப்பா வெளியே போகிறார் என்று அவர் நினைத்திருக்கலாம். விடிந்ததும் குடிக்கிற முதல் காபி அவர் கையால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போவது இரண்டாவது காபிக்கு. “எனக்குக் காபிக்குக் குறைவில்லைம்மா, பேச்சுத் துணைக்குத்தான் ஆள் இல்லை” என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நம் வீடுகளில் அப்பாக்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், பிள்ளைகளுக்கும் கேட்கத் தோன்றாது. சொன்னால் உங்கள் மகளுக்குப் புரியும்.

இனி கடைக்கு வருவோம். பெரிய சாலையில் தேடாதீர்கள். அங்கே இருக்கிற வாடகைக்கு, சின்ன முதலாளி ஒருவர் டம்ளர் காபி விற்றுப் பிழைப்பது கஷ்டம். பெங்களூரின் கிழக்கே எழுந்திருக்கும் அடுக்குமாடிகள் பெரும்பாலும் பழைய கிராமங்களைச் சுற்றித்தான் வந்திருக்கின்றன. அந்தக் கிராமங்கள் எங்கேயும் போய்விடவில்லை. கோயில், காய்கறிக் கடை, பூக்காரம்மா, பஸ் நிறுத்தம் என்று உள்ளே அப்படியே இருக்கின்றன. உங்கள் பக்கத்துக் காடுகோடி, வர்த்தூர், ஹகதூர் எல்லாம் அந்த வகைதான். ஒயிட்ஃபீல்டு ரயில் நிலையம் இருப்பதே காடுகோடியில். ரயிலடியில் விடிகாலையிலேயே காபி கிடைக்கும், உட்கார்ந்து பேசுகிற மனிதர்களும் இருப்பார்கள். நீங்கள் நடைப் பழக்கம் உள்ளவர். பூங்காவைச் சுற்றுவதை விட்டுவிட்டு, அந்தப் பழைய தெருக்களுக்குள் நடந்து பாருங்கள்.

நின்று குடிக்கிற ஓட்டல் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு அங்கே தர்ஷினி என்று பெயர். 1980களில் ஜெயநகர்ப் பக்கம் தொடங்கி ஊர் முழுக்கப் பரவிய ஏற்பாடு. முதலில் பில் போட்டு, அதைக் கவுண்டரில் கொடுத்து, நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். பரிமாற ஆள் கிடையாது, மேசை நாற்காலிக்கு இடம் வேண்டாம், அதனால் விலை குறைவு. இதை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். காரணம், காபி உங்கள் கண் முன்னால் கலக்கப்படுகிறது. நீங்கள் உட்கார்ந்து குடித்த கடைகளில் எத்தனையில் உள்ளே நடப்பதைப் பார்த்திருப்பீர்கள்?

முதல் நாள் போனதும் உடனே வாங்கிவிடாமல், ஓரமாக நின்று கவனியுங்கள். டிகாக்‌ஷன் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நேரே அடுப்பில் ஏற்றிக் கொதிக்க விட்டால் மணம் போய்க் கசப்புதான் மிஞ்சும். வெந்நீரில் இறக்கி வைத்திருந்தாலோ, கொஞ்சம் கொஞ்சமாகப் புதிதாக இறக்கினாலோ அங்கே நம்பி நிற்கலாம். பாலையும் பாருங்கள். காலையில் காய்ச்சியதையே திரும்பத் திரும்பச் சுட வைக்கிற கடையில் மாலைக் காபி வேண்டாம். அப்புறம் காபி கலக்குகிறவர். யாராவது “சர்க்கரை கம்மியாக” என்றால் அவர் காதில் விழுகிறதா, அல்லது எல்லா டம்ளருக்கும் முன்கூட்டியே சர்க்கரை போட்டு வரிசை கட்டி வைத்திருக்கிறாரா? எனக்கு இந்த ஒன்று போதும், கடையை முடிவு செய்துவிடுவேன்.

முட்டி வலிக்கு வழி, நேரம் பார்த்துப் போவதுதான். எட்டு மணியிலிருந்து பத்து வரை வேலைக்குப் போகிறவர்களின் அவசரம். அப்போது யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அவர்கள் மேல் தப்பும் இல்லை. ஆறரைக்குப் போங்கள், அல்லது பதினொன்றுக்கு. அந்த நேரத்தில் ஒரு ஸ்டூல் கேட்டால் மனம் வந்து தருவார்கள். பல தர்ஷினிகளுக்கு வெளியே மரத்தடியிலோ சுவரோரமாகவோ உட்கார ஒரு கல்லோ சிமென்ட் மேடையோ இருக்கும். அப்படி ஏதாவது உள்ள கடையாகவே தேர்ந்தெடுங்கள். காபியின் தரத்தில் ஒரு படி குறைந்தாலும் பரவாயில்லை, உட்கார இடம் இருக்கட்டும். உங்களுக்கு இப்போது வேண்டியது அரை மணி நேரம் மனிதர்களுக்கு நடுவே இருப்பது.

ருசி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்துக் காபி அங்கே வராது. ஊரில் பக்கத்து மாட்டுப் பால் கள்ளிச்சொட்டு மாதிரி இருந்திருக்கும். இங்கே பாக்கெட் பால்தான். அதில் டோன்டு பால் என்றால் கொழுப்பு 3 சதவீதம், ஃபுல் கிரீம் என்றால் 6. கடைக்காரர் எதை வாங்குகிறார் என்பதிலேயே பாதி ருசி தீர்ந்துவிடுகிறது. சிக்கரியும் கடைக்குக் கடை மாறும். காபி–சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அதாவது மீதி 49 வரை சிக்கரியாகவே இருக்கலாம். நிறமும் கெட்டியும் தூக்கலாக இருந்து, மணம் மட்டும் பின்தங்கினால் சிக்கரி அதிகம் என்று அர்த்தம். பத்து நாள் குடித்தால் நாக்கு பழகிவிடும். ஊர்க் கடையை அளவுகோலாக எடுத்துக்கொண்டு போனால் எந்தக் கடையும் தேறாது.

அந்த 250 ரூபாய்க் கடை பற்றி. தினமும் கட்டுப்படியாகாது, சரி. ஆனால் அதில் இரண்டு விதம் உண்டு. ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் கடையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். உங்கள் முகத்தை ஒருவர் பழகிக்கொள்வதற்குள் அவர் வேறு கிளைக்குப் போயிருப்பார். இன்னொன்று, ஓர் இளைஞரோ ஒரு தம்பதியோ சிக்மகளூரிலிருந்தோ குடகிலிருந்தோ கொட்டை வாங்கித் தாங்களே வறுத்து நடத்துகிற ஒற்றைக் கடை. முதலாளியே கல்லாவில் நிற்பார். வார நாளில் மதியம் மூன்று மணிக்குப் போய், “இது எந்தத் தோட்டத்துக் கொட்டை?” என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர் போலப் பேசுவார். மாதம் ஒரு முறை அந்தச் செலவு செய்யலாம். அங்கே வாங்குகிற விலையில் நாற்காலிக்கும் பங்கு இருக்கிறது, ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் தப்பில்லை.

கடையை முடிவு செய்தபின் ஒரு மாதம் இடம் மாற்றாதீர்கள், நேரத்தையும் மாற்றாதீர்கள். “ஒந்து காஃபி, ஸ்ட்ராங், சக்கரே கம்மி” என்று கன்னடத்திலேயே கேளுங்கள். நன்றாக இருந்தால் “சென்னாகிதே” என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்கவும் கூடும். ஆனாலும் வந்த ஊரின் மொழியில் ஒரு பெரியவர் முயன்று பேசும்போது எதிரில் இருப்பவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

துணைக்கு ஆள் வேண்டுமே என்றால், உங்கள் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். பிள்ளையோடு வந்து தங்கிய அப்பாக்கள் ஒவ்வொரு மாடியிலும் உண்டு. லிஃப்டில் சிரித்துவிட்டுப் போகிறவர்தான். “ஒரு பை டூ அடிக்கலாம், வாருங்கள்” என்று கூப்பிடுங்கள். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாகத் தருகிற வழக்கம் அது. காபியைக் குறைக்கச் சொன்ன டாக்டரின் பெயரைச் சொல்லித் தட்டிக்கழிக்கிறவரும் பாதிக்கு வருவார்.

நீங்கள் கூட்டுறவு வங்கியில் இருந்தவர் என்பதால் இன்னோர் இடத்தையும் சொல்கிறேன். காபி வாரியம் நடத்திவந்த காபி ஹவுஸ்களை 1957 வாக்கில் மூட முடிவெடுத்தபோது, வேலை இழந்த தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் தூண்டுதலில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாங்களே ஏற்று நடத்தினார்கள். அந்த மரபில் வந்த இந்தியா காபி ஹவுஸ் பெங்களூரின் எம்.ஜி. ரோட்டில் பல காலம் இருந்தது. 2009இல் பக்கத்துச் சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு இடம் மாறியது. தலைப்பாகை கட்டிய பணியாளர்கள் மேசைக்கே கொண்டுவந்து தருவார்கள், நிற்க வேண்டியதில்லை. ஒயிட்ஃபீல்டிலிருந்து ஊதா வழித்தட மெட்ரோ 2023 அக்டோபர் முதல் முழுதாக ஓடுகிறது. எங்கும் மாறாமல் எம்.ஜி. ரோடு நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். அந்தப் பை டூ நண்பரையும் அழைத்துப் போங்கள்.

மகளைக் கூட்டிக்கொண்டு போக வேறிடம் இருக்கிறது. 1943 முதல் காந்தி பஜாரில் நடக்கும் வித்யார்த்தி பவன். மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடத்துக்கு மாறி, நேஷனல் காலேஜ் நிலையத்தில் இறங்கினால் ஆட்டோவில் சின்ன தூரம்தான். மசால் தோசைக்குப் பெயர் போன கடை. தோசை முடிந்து காபி வரும்போது, உங்கள் ஸ்ரீரங்கத்துக் கடைக் கதைகளை அவரிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது, வெள்ளிக்கிழமை கடை விடுமுறை. அவர் லீவு போடக்கூடிய வேறொரு நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள்.